மழை வந்தால் அறுந்துபோகும் இணைப்பு: அக்கா கடை ரவுட்டரில் கண்ட மூன்று கோளாறுகள்

2014-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நெட்டு பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல நிக்க மாட்டேங்குது. பசங்க விண்ணப்பம் போட வந்து வந்து திரும்பிப் போறாங்க. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார். நான் அப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தேன். அடுத்த பேருந்தைப் பிடித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் தேர்வு விண்ணப்பத்தின் நுழைவுப் பக்கத்தோடு நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த விண்ணப்பத்துக்காக வருவது அது இரண்டாம் முறை. இணைப்பு அறுந்தால் நமக்கு எரிச்சல்; பேருந்துக்குக் காசு கொடுத்து வந்தவளுக்கு அது ஒரு நாள் நட்டம்.

அந்தக் கடையில் மூன்று கணினிகள், ஒரு பிரின்டர், தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கான ஒரு மோடம் ரவுட்டர் ஆகியவை இருந்தன. ரவுட்டரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு டயல் செய்யும், அதாவது சேவை நிறுவனத்தின் சர்வரிடம் இணைப்புக் கேட்கும். கணினிகள் அதன் பின்னால் நின்று இணையத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இப்படிப்பட்ட இணைப்பில் கோளாறு தேடப் போகும்போது நான் முதலில் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அறுகிறது, நான் வருவதற்கு முன்னால் யார் என்ன செய்து பார்த்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் பாதி வேலையை முடித்துவிடும்.

மழை பிடித்த நாளிலிருந்து இப்படி இருக்கிறது என்றார் அக்கா. தொலைபேசி மணி அடித்தால் நெட் அறுந்துவிடுகிறது என்றார். அதன் பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: "சொன்னா சிரிப்ப. ரிசீவரை எடுத்து யார்கிட்டயாவது ரெண்டு நிமிஷம் பேசிட்டு வெச்சா, நெட்டு தானா வந்துடுது." நான் சிரிக்கவில்லை, அந்த ஒரு வாக்கியத்தில்தான் முதல் கோளாறின் முகவரி இருந்தது. கடையில் வேலை பார்க்கும் தம்பி, தான் வியாழக்கிழமை ரவுட்டரின் பின்னால் இருக்கும் சிறு துளையில் குண்டூசியால் குத்தி ரீசெட் செய்ததையும், பக்கத்துக் கடை நண்பர் வந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் கொடுத்ததையும் சொன்னான். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகி, ஒரு கணினியில் நெட் வந்தால் மற்ற இரண்டிலும் வருவதில்லை, வந்தாலும் சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை என்றும் சொன்னான்.

ஒரே நோய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்ட மூன்று நோய்கள் என்பது அப்போதே எனக்கு ஓரளவு புரிந்தது. இப்படி அடுக்கிக் கிடக்கும்போது மேலிருந்து தோண்டினால் எதுவும் தெளியாது. கம்பியில் தொடங்கி, டயலுக்கு ஏறி, அதற்குப் பிறகுதான் கணினிக்கும் உலாவிக்கும் வர வேண்டும்.

கம்பியின் நிலையை ரவுட்டரின் விளக்குகளே முதலில் சொல்லிவிடும். டிஎஸ்எல் என்ற விளக்கு, நம் மோடமும் தொலைபேசி நிலையத்தில் இருக்கும் கருவியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டனவா என்பதைக் காட்டுவது. இன்டர்நெட் என்ற விளக்கு, அதற்கு மேல் நடக்கும் டயல் வெற்றி பெற்றதா என்பதைக் காட்டுவது. டிஎஸ்எல் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பது, கதவே இல்லாத வீட்டில் சாவி தேடுவதுபோலத்தான். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து, மெதுவாக மினுக்கி, வேகமாக மினுக்கி, நிலைத்து, ஆறேழு நிமிடத்தில் மறுபடி அணைந்தது.

உலாவியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தால், டிஎஸ்எல் நிலை காட்டும் இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அட்டெனுவேஷன், அதாவது நிலையத்திலிருந்து நம் வீடு வருவதற்குள் கம்பியில் தேய்ந்துபோகும் அளவு. மற்றொன்று எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலுக்கு மேல் சமிக்ஞைக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. அக்கா கடையில் முதல் எண் 28 டெசிபெல், அது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தாமிரக் கம்பிக்கு இயல்பானது. இரண்டாவது எண் 4. இது 6-க்குக் கீழே இறங்கினால் இணைப்பை நம்ப முடியாது. பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். கடைத் தொலைபேசிக்கு என் கைப்பேசியிலிருந்து அழைத்து, மணி அடிக்கும்போது பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். 4 என்பது 1 ஆகி, அடுத்த நொடி விளக்கு அணைந்தது.

கோளாறு கடைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. வெளிக்கம்பி வந்து சேரும் முதல் பெட்டியில், தொலைபேசி, ஸ்பிளிட்டர், நீட்டிப்புக் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுகிறது. ஏடிஎஸ்எல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. இரண்டையும் பிரித்து அனுப்புவதுதான் ஸ்பிளிட்டரின் வேலை என்பதால், அது கெட்டிருந்தாலோ, வீட்டில் எங்கோ ஒரு தொலைபேசி அது இல்லாமல் நேரடியாக மாட்டப்பட்டிருந்தாலோ இதே அறிகுறி வரும். அன்று எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எண் 4-லேயே நின்றது. ஆகவே கோளாறு வெளியே.

இன்னொரு சோதனைக்குக் காது போதும். ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் ஒலி நின்று சில நொடி அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் கரகரவென்று அரிசி வறுபடுவதுபோல் ஒலி கேட்டால் எங்கோ ஓர் ஒட்டு கெட்டிருக்கிறது என்று பொருள். அன்று அது தெளிவாகக் கேட்டது.

இப்போது அக்கா சொன்ன அந்த விசித்திரத்துக்கு வருகிறேன். தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும், ஆனால் மின்னோட்டம் ஓடாது. கம்பிகள் முறுக்கப்பட்ட இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து களிம்பு பிடித்துவிட்டால், இரண்டு தாமிர முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் தடையாக நிற்கிறது. ரிசீவரை எடுத்ததும் இருபது முப்பது மில்லியாம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் படலத்தை ஓரிடத்தில் துளைத்துத் தற்காலிகமாக வழி விடுகிறது. பேசி முடித்து வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வழி திறந்திருப்பதால் ஏடிஎஸ்எல் சமிக்ஞை அதில் போய் வருகிறது. பிறகு படலம் மறுபடி மூடிக்கொள்கிறது. மணி அடிப்பதற்காக வரும் மாறுமின்னழுத்தமோ எழுபத்தைந்து வோல்ட் அளவுக்கு ஏறி இறங்குவதால், அந்த அரைகுறை ஒட்டைக் குலுக்கி இணைப்பை அறுத்துவிடுகிறது. "பேசினால் வருகிறது, மணி அடித்தால் போகிறது" என்பது, கம்பியில் ஒட்டுக் கோளாறு இருப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நம்பகமான சாட்சி. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து அக்கா இதைச் சொன்னபோது யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். கருவியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்லும் விவரம், அது எவ்வளவு வினோதமாக இருந்தாலும், முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய விவரம்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அந்தப் பகுதி லைன்மேன் விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்தார். நான் எழுதி வைத்திருந்த எண்களைக் காட்டியதும் தேவையில்லாத கேள்வி எதுவும் கேட்காமல் ஏணியைச் சாய்த்தார். கம்பத்திலிருந்து கடைக்கு வரும் டிராப் வயர், ஓட்டுச் சார்ப்புக்கு அடியில், வாரையோடு சேர்த்துக் கட்டியிருந்த இடத்தில் ஓர் ஒட்டு இருந்தது. மேலே சுற்றியிருந்த துணி டேப் ஈரத்தில் ஊறி, விரலால் தொட்டதும் கூழாக உரிந்து வந்தது. உள்ளே இரண்டு கம்பிகளும் நன்றாகத் தேய்க்காமல் வைத்த பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பாகம்போல் பச்சை படிந்து கிடந்தன. ஒன்றை லேசாக வளைத்தபோது முறுக்கோடு சேர்ந்து பொடிந்து கையில் வந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அந்தத் தெருவின் கம்பங்கள் சாய்ந்து, எல்லாக் கம்பிகளும் அவசரமாக இழுத்துக் கட்டப்பட்டன. அப்போது போட்ட ஒட்டு அது என்று அக்காவுக்கு நினைவிருந்தது. ஊர் முழுக்க இருட்டில் கிடந்த அந்த நாட்களில் கம்பி வந்ததே பெரிது. அந்த ஒட்டைப் போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடற்காற்றின் உப்பு இருக்கும் ஊரில் வெறும் முறுக்கும் துணி டேப்பும் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. லைன்மேன் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு, கம்பத்திலிருந்து பெட்டி வரை ஒட்டே இல்லாத புதுக் கம்பி இழுத்துக் கொடுத்தார். இந்த வேலையை நாமே செய்யப் போகக் கூடாது. கம்பி அவர்களுடையது, மணி வரும் நேரத்தில் ஈரக் கையோடு தொட்டால் நன்றாகவே அடிக்கும், இடி மின்னல் நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மார்ஜின் 11-க்கு ஏறி நின்றது. டிஎஸ்எல் விளக்கு அசையவில்லை. ஆனால் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை. ஒரு கணினியில் மட்டும் நெட் வந்தது. இரண்டாம் கோளாறு இப்போதுதான் தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

டயல் என்ற சொல் 56 கே மோடம் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போது மோடம் உண்மையாகவே ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, கீச்சிட்டு, மறுமுனையைப் பிடித்தது. பிராட்பேண்டில் எண் எதுவும் இல்லை. 1999-இல் வரையறுக்கப்பட்ட பிபிபிஓஇ என்ற முறைப்படி, ரவுட்டர் முதலில் கம்பியில் பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது. மறுமுனையில் இருக்கும் சர்வர் பதில் சொல்கிறது. ரவுட்டர் அதைத் தேர்ந்துகொண்டு ஓர் அமர்வு கேட்கிறது. சர்வர் அதற்கு ஓர் எண் தருகிறது. அதன் பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு, ஐபி முகவரி வழங்கப்படுகிறது. ஆகவே நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ரவுட்டரின் லாக் பக்கத்தில் எந்தப் படியில் நின்றது என்று பார்த்தாலே போதும். பதிலே வரவில்லை என்றால் கோளாறு கம்பியிலோ, விபிஐ விசிஐ எண்களிலோ (சேவை நிறுவனம் சொல்லும், ரவுட்டரில் போட வேண்டிய இரண்டு வழி எண்கள்), மறுமுனையிலோ இருக்கிறது. பதில் வந்து ஆதென்டிகேஷன், அதாவது கணக்குச் சரிபார்ப்பு, தோற்றது என்றால் கணக்கில் இருக்கிறது. விண்டோஸ் கணினியே டயல் செய்யும் அமைப்பில் இதே இரண்டும் 678 அல்லது 651, 691 என்ற பிழை எண்களாக வரும். இன்று ஃபைபர் வந்துவிட்ட வீடுகளிலும், பல சேவைகளில், கண்ணாடி இழைக்கு மேலே இதே டயல்தான் நடக்கிறது. டிஎஸ்எல் விளக்கின் இடத்தில், ஒளி வராததைக் காட்டும் லாஸ் என்ற சிவப்பு விளக்கு வந்திருக்கிறது, மார்ஜினைப் பார்த்த இடத்தில் ஒளியின் அளவைப் பார்க்கிறோம், அது மைனஸ் 27 டிபிஎம் அளவுக்கு இறங்கினால் மோடம் திணறத் தொடங்கும். படிகள் மாறவில்லை.

அக்கா கடை ரவுட்டரின் லாக்கில் வரிசையாக ஆதென்டிகேஷன் தோல்வி. கடவுச்சொல்லோ சரியாக இருந்தது. ரீசெட் செய்த அன்று, அவசரத்துக்கு முதல் கணினியில் ஒரு டயல் ஐகான் உருவாக்கி, கணினி தொடங்கும்போதே தானாக டயல் செய்யும்படி விட்டிருக்கிறார்கள். பிறகு ரவுட்டரிலும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஓர் அமர்வுதான் என்பதால், கணினி முந்திக்கொண்டால் ரவுட்டருக்கு மறுப்பு, ரவுட்டர் முந்திக்கொண்டால் கணினியில் 691. இரண்டும் மாறி மாறி ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. கணினியில் இருந்த ஐகானை நீக்கி, ரவுட்டரை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து போட்டதும் மூன்று கணினிகளிலும் நெட் வந்தது. காத்திருப்பது சடங்குக்காக அல்ல. இணைப்பு முறையாக முடிக்கப்படாமல் திடீரென அறுந்தால், பழைய அமர்வு இன்னும் உயிரோடு இருப்பதாகவே சர்வர் சிறிது நேரம் நினைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் வந்ததும் "கடவுச்சொல் தவறு" என்று வருவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம், அந்த நேரத்தில்தான் பலரும் பதறிப்போய் குண்டூசியைத் தேடுகிறார்கள். ரீசெட் பொத்தான் மருந்து என்று நினைக்காதீர்கள். அது ரவுட்டருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறக்கடிக்கிறது. பயனர் பெயர் எழுதிய காகிதம் கையில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது கோளாறுதான் நெல்லிக்குப்பத்துப் பெண்ணை நுழைவுப் பக்கத்தில் நிறுத்தியது. நெட் இருந்தது, தேடுபொறி திறந்தது, மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் தடையில்லாமல் ஓடியது. விண்ணப்பத் தளம் மட்டும் நுழைவுப் பக்கத்தோடு நின்று, அடுத்த பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. எண்ணால் பிங் போய், பெயரால் போகாவிட்டால் அது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் கோளாறு, கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே பெயரும் சரியாகத்தான் போனது. சிறிய பக்கம் வருகிறது, பெரிய பக்கம் வருவதில்லை என்றால், தரவு துண்டு துண்டாகப் போகும் பொட்டலத்தின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். கணினியையும் ரவுட்டரையும் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தன் உறைக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. நம் பக்கம் 1500 வரை வாங்குவேன் என்று சொல்லிவிட்டால், எதிர்த்தள சர்வர் முழு அளவில் அனுப்பும். வழியில் அது நுழையாது. "சிறிதாக்கி அனுப்பு" என்று திரும்பிப் போகும் தகவலை அந்தத் தளத்தின் ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வருக்கு விவரமே தெரியாமல் இருபுறமும் காத்துக்கொண்டே இருக்கும்.

கட்டளைத் திரையில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் வைத்து பிங் அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. 1464 வைத்தேன், போனது. பொட்டலத்தின் முன்னால் ஒட்டும் தலைப்புக்கு 28 பைட் கூட்டினால் முறையே 1500, 1492. ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வான் (WAN) பக்கத்தில், பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு என்ற கட்டத்தில் 1500 என்று இருந்தது. நண்பர் நினைவிலிருந்து நிரப்பியபோது, வழக்கமான எண் என்று அதைப் போட்டிருக்க வேண்டும். 1492 என்று மாற்றிச் சேமித்தேன். கணினிகள் எதிர்ப்பக்கத்திடம் கேட்கும் அளவை ரவுட்டர் இப்போது அதற்கேற்பக் குறைத்து அனுப்பும். விண்ணப்பத் தளத்தின் இரண்டாம் பக்கம் முழுவதுமாக இறங்கியது.

அக்கா அந்தப் பெண்ணுக்கு அழைத்துச் சொன்னார். திங்கட்கிழமை காலை அவள் வந்து, ஒரே மூச்சில் விண்ணப்பத்தை முடித்து, ரசீதை அச்செடுத்துக்கொண்டு போனாளாம்.

கிளம்பும் முன் ரவுட்டரின் எல்லா அமைப்புப் பக்கங்களையும் அச்செடுத்து ஓர் உறையில் போட்டு, கல்லாப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்து, கடை திறந்ததும் எஸ்என்ஆர் எண்ணை மட்டும் பார்த்து எழுதச் சொன்னேன். கார்த்திகையில் மறுபடி போனபோது அதைப் புரட்டினேன். 11, 11, 10, 11 என்று அக்காவின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. ஒரு 10-க்குப் பக்கத்தில், "ராத்திரி பூரா மழை, போன் மூணு தடவை அடிச்சுது" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.